செவ்வாய்க்கிழமை எடை

மூன்று முறை வந்துபோயிருந்தான் ஃபியக்ரா டைனன்.
என் கணினியில் மூன்று வரிகள்.
ஜனவரியில் தொண்டை எரிச்சல்.
மார்ச்சில் மலச்சிக்கல்.
மே மாதம், ஆறவே ஆறாத தோளெலும்பு.
மூன்றுக்கும் மருந்து எழுதியவள் நான்.
வரிகளைக் கூட்டிப் பார்க்காதவளும் நான்.

கில்டேரில் குதிரைக்குப் பிறகுதான் மனிதர்.
இருபது வயது, பயிற்சி ஜாக்கி.
ஒல்லி என்பது இங்கே நோயில்லை,
தொழில்.
நானும் இந்த ஊர்க்காரிதானே.

ஜூனில் தலைசுற்றலோடு வந்தான்.
ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்த அட்ராக்டா
ஊசி குத்தி முடித்தும் கையை விடவில்லை.
"வெயில் அடிக்கிறது டாக்டர்,
இவன் கை ஏன் ஐஸ்?"
விரல் முட்டியில் காய்த்துப்போன தழும்பு.
குதிரை கடித்தது என்றான்.
குதிரையின் வாயை நான் பார்த்திருக்கிறேன்.
அது இவ்வளவு சிறிதாய்க் கடிக்காது.

ஒருவருக்குப் பத்து நிமிடம்.
வெளியே இருமலோடு ஆறு பேர்.
கதவைச் சாத்தினேன்.
ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால்
சாப்பிடுகிறேன் என்பான்.
எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டு
இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போனார்களோ.
வேறு மாதிரி கேட்டேன்:
ஒரு நாளில் எவ்வளவு நேரம்
சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறாய்?
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்,
முழு வட்டத்தையும்.
"தூங்கும் நேரமும் சேர்த்தா?"

குந்தச் சொன்னேன். கை ஊன்றாமல் எழு.
அரை டன் மிருகத்தைத் தொடையால் அடக்குகிறவன்
என் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டான்.
படுத்திருந்தபோது நாடி நாற்பத்து நான்கு.
ஓடியாடுகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று
எனக்குள் ஒருத்தி சொன்னாள்,
ஜனவரி வரியை எழுதிய அதே ஒருத்தி.

மாலை ஆறேகாலுக்கு ஆய்வகம் அழைத்தது.
பொட்டாசியம் இரண்டு புள்ளி நான்கு.
திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.
அவன் போனை எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.
கொதிக்கும் தொட்டிக்குள் இருந்தானாம்,
ஞாயிற்றுப் பந்தயத்துக்கு இரண்டு பவுண்டு வியர்த்துத் தள்ள.
"ஞாயிறு முடிந்து வரட்டுமா?"
உன் இதயத்துக்குக் கிழமை தெரியாது என்றேன்.
அதட்டினேனா, கெஞ்சினேனா,
இன்றும் தெரியவில்லை.

நேஸ் மருத்துவமனையில் ஒன்பது நாள்.
காய்ந்த உடம்புக்கு
உணவையும் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும்,
அவசரப்பட்டால் அதுவும் கொல்லும்.
சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் போட்டேன்.
பதினான்கு வாரம் காத்திருக்கவும் என்று பதில்.
அதுவரை யார் பொறுப்பு என்று கடிதத்தில் இல்லை.
செவ்வாய்க்கிழமைகளை எடுத்துக்கொண்டேன்.

லாயக்காரர் போன் செய்தார், எப்போது ஏறுவான் என்று.
அவனைப் பற்றி உங்களிடம் பேச முடியாது என்றேன்.
"நல்ல பையன் டாக்டர்.
ஒருநாள்கூட எடை தவறியதில்லை."

எங்கள் தராசில் முதுகு காட்டி ஏற வேண்டும்.
எண் எனக்கு மட்டும். உனக்குச் சுவர்.
பதினாறு வயதிலிருந்து எண்ணுக்கு முகம் கொடுத்தே நின்றவன்
முதல் செவ்வாய் திரும்பிப் பார்த்துவிட்டான்.
இரண்டாவது செவ்வாய்
ஒரே வாரத்தில் இத்தனை ஏற்றமா என்று
அட்ராக்டா அவன் சட்டைப்பையைத் தட்ட
டங்கென்றது.
லாடம்.
வாழ்நாளில் முதல்முறையாக
எடை கூட்ட ஏமாற்றியிருக்கிறான்.
யாரும் திட்டவில்லை. மறுபடி ஏறினான்.

இது ஐந்தாவது செவ்வாய்.
அரைக் கிலோ குறைவு.
அவனிடம் சொல்லவில்லை, என் முகத்தையும்
அவன் பார்க்க முடியாது.
சுவரில், போன குளிர்காலத்து ஃப்ளூ ஊசி அறிவிப்பு.
"அதில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது" என்றான்,
"மூன்று வாரமாகச் சொல்ல நினைத்தேன்."
போய்ப் பார்த்தேன். இருந்தது.
பேனாவைக் கொடுத்தேன், அவனே திருத்தினான்.
கழுத்துப்பட்டையில் ரொட்டித் துகள் ஒன்று.
காரில் சாப்பிட்டதா,
எனக்காக உதிர்த்துக்கொண்டதா?

கேட்கவில்லை.
அடுத்த செவ்வாய், ஒன்பது இருபது.